பத்துப் பொருத்தமும் ஒரு மரபணுவும்

கோமுவுக்கு ஜாதகம் பார்க்கத் தெரியாது. முப்பது வருடமாகத் திருநெல்வேலி டவுனில் கல்யாணம் பேசி முடிக்கிறவள் இப்படிச் சொன்னால், புதிதாக வருகிறவர்கள் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். "கட்டம் பாக்க ஜோசியர் இருக்காரு. நான் வீட்டப் பாப்பேன், மனுசாளப் பாப்பேன்" என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கும் சேர்த்துக் காபி போட எழுந்து போவாள்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்ததே தற்செயல். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த சமயத்தில் தெற்கு ரத வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு இருந்தாள். ஜாதக நகல் எடுக்க வருகிறவர்கள் மிஷின் சூடாகிற வரைக்கும் நின்று வீட்டுக் கதை பேசுவார்கள். ஒரு நாள் காலையில் ஒரு பெண் ஜாதகம் வந்தது, மத்தியானம் ஒரு பையன் ஜாதகம் வந்தது. இரண்டும் அவள் மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. இரண்டு வீட்டுக்கும் சொல்லி அனுப்பினாள். அந்தத் தம்பதிக்கு இப்போது பேத்தியே பிறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நூறு கல்யாணம், இருநூறு கல்யாணம் என்று போய், அவளே எண்ணுவதை விட்டுவிட்டாள். சேரன்மகாதேவியில் யார் வீட்டுப் பெண் யாருக்கு மருமகள், பேட்டையில் எந்த வீட்டு மாப்பிள்ளைக்குக் கோபம் வரும், எல்லாம் நோட்டுப் புத்தகம் இல்லாமல் தலைக்குள் இருந்தது. ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டில் சொல்லமாட்டாள். அதனால்தான் எல்லோரும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள்.

தலைக்குள் இருப்பதைக் கொண்டே பிழைக்கிறவளுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. அவள் அம்மைக்குக் கடைசி ஆறு வருடம் மறதி நோய். பெற்ற மகளையே, "நீ யாரு வீட்டுப் பிள்ளட்டி?" என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டது. பதினோரு வருடத்துக்கு முன்னால் கோமுவின் மகளைப் பெண் பார்க்கத் தென்காசியிலிருந்து வந்தபோது, "எங்கம்மைக்குக் காது கேக்காது, அதான் பேசமாட்டாவ" என்று ஒரு பொய்யைச் சொல்லி அம்மையைப் பின்கட்டில் உட்கார வைத்துவிட்டாள். கல்யாணம் நன்றாக நடந்தது. பொய் மட்டும் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டது.

அதிலிருந்து ஏதாவது ஒரு பெயர் சட்டென்று வாயில் வராவிட்டால் போதும், இருந்த இடத்தில் உட்கார்ந்து, திருநெல்வேலியிலிருந்து தென்காசி வரைக்கும் ரயில் நிலையங்களை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பாள். ஓய்வுபெற்ற கண்டக்டரான அவள் புருஷன் நடராஜ், "பஸ் ஸ்டாப் பேரச் சொன்னாலாவது நானும் கூடச் சொல்லுவேன்" என்று கேலி செய்வார்.

இந்த வருடம் மாசி மாதத்தில் ஒரு வரன் அருமையாகக் கூடி வந்தது. பெண் விஜயஸ்ரீ, கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அவளுடைய அப்பா ஆவுடைநாயகம் பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை சிவகணேஷ் அம்பாசமுத்திரத்துப் பையன், வங்கியில் வேலை. அவனுடைய அம்மா சங்கரி வருவாய்த்துறை அதிகாரி. பெண்ணும் பையனும் பாளையங்கோட்டையில் ஒரு ஓட்டலில் சந்தித்துப் பேசினார்கள். அரை மணி நேரம் என்று சொல்லிப் போனவர்கள் இரண்டரை மணி நேரம் கழித்து வந்தார்கள். 'இது முடிஞ்ச மாதிரிதான்' என்று கோமு அப்போதே நினைத்துக்கொண்டாள்.

ஆனால் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க அம்பாசமுத்திரம் போன அன்று, ஆவுடைநாயகம் சிவகணேஷைப் பார்த்து, "தம்பிக்கு எங்க வேலை?" என்று கேட்டார். அவன் சொன்னான். கேசரி சாப்பிட்டுவிட்டு மறுபடியும் கேட்டார். கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே மூன்றாம் தடவை கேட்டார். அவருக்கு மறதி நோய் ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கோமுவுக்கு அது தெரியும். 'அவியளாக் கேட்டாச் சொல்லிக்கிடலாம்' என்று பெண்ணின் தாயிடம் சொன்னதும் அவள்தான்.

மறுநாள் காலையிலேயே சங்கரியின் போன் வந்துவிட்டது.

"கோமு அக்கா, பொண்ணோட அப்பாவுக்கு மறதி நோய்தானே?"

"ஆமா மைனி" என்றாள் கோமு.

"நான் கோவப்படல. ராத்திரி பூரா போன்ல இதப் பத்தித்தான் படிச்சேன். ஏ.பி.ஓ.இ.ன்னு ஒரு மரபணு இருக்காம். அது குடும்பத்துல இறங்கி வருமாம். அதுக்கு டெஸ்ட் இருக்காம். ஜாதகம் பாத்தாச்சுல்லா? இதையும் பாத்துருவோம். அந்தப் பிள்ளைக்கு இல்லைன்னு வந்துட்டா, மறுவாரமே நிச்சயதார்த்தம்."

"இருக்குன்னு வந்துட்டா?"

சங்கரி போனை வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே கோமு விஜயஸ்ரீயின் வீட்டுக்குப் போனாள். விஷயத்தைக் கேட்டதும் பெண்ணின் தாய் அழ ஆரம்பித்துவிட்டார். ஆவுடைநாயகம், "யாருக்கு என்ன?" என்று விசாரித்துவிட்டு, விடை சொல்வதற்குள் தொலைக்காட்சியில் ஓடிய மழைச் செய்திக்குப் போய்விட்டார். விஜயஸ்ரீ மட்டும் நிதானமாக இருந்தாள்.

"அத்தை, எனக்கு டெஸ்ட் பண்ணுததுதான் வேலையே. ஒரு டெஸ்ட் எடுத்தா அதை வச்சு என்ன செய்யப் போறோம்னு முதல்ல தெரியணும். என்னைத் தள்ளி வைக்கதுக்கு மட்டும்னா நான் எடுக்கமாட்டேன்."

"அப்ப இந்த இடம் வேண்டாம்னு சொல்லிரட்டுமா?"

"வேண்டாம்னு சொல்லல. அவரு நல்லவரு. எடுக்கணும்னா ரெண்டு பேரும் எடுப்போம்னு சொல்லுங்க. அவருக்கும் ஒரு அம்மா, ஒரு அப்பா இருக்காங்கள்லா?"

கோமுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் இந்தச் செய்தியைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால், இந்த மரபணு என்பது என்ன சாமான் என்று தானே தெரிந்துகொள்ள வேண்டும் என்று பட்டது. தெரியாத வீட்டைப் பற்றி அவள் ஒருநாளும் பேசியதில்லை.

பாளையங்கோட்டையில் நரம்பியல் மருத்துவர் அஸீலாவிடம் டோக்கன் வாங்கி உட்கார்ந்தாள். அவள் முறை வந்தது.

"சொல்லுங்கம்மா. யாருக்கு என்ன செய்யுது?"

"யாருக்கும் ஒண்ணும் செய்யல டாக்டரம்மா. ஒரு கல்யாணம் நிக்குது. அதான் வந்தேன்."

டாக்டர் அஸீலா பேனாவை மூடி வைத்தார். "கல்யாணத்துக்கு எங்கிட்டயா?"

கோமு விஷயத்தைச் சொன்னாள். "பேர் எதுவும் சொல்லாதீங்க" என்றார் டாக்டர். "பேர் சொல்லுத பழக்கம் எனக்கும் கிடையாது" என்றாள் கோமு. அந்த ஒரு பேச்சில் இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் பிடித்துப் போயிற்று.

"ரெண்டு விதம் இருக்கு" என்று டாக்டர் ஆரம்பித்தார். "சில குடும்பங்கள்ல நாப்பது, அம்பது வயசுலேயே வரும். அப்பாவுக்கு, அவரோட அப்பாவுக்கு, அத்தைக்குன்னு தலைமுறை தலைமுறையா வரும். அது ரொம்ப அபூர்வம். அந்த மரபணு இருந்தா அநேகமா வந்தே தீரும். நீங்க சொல்லுதவருக்கு எத்தனை வயசுல ஆரம்பிச்சுது?"

"அறுபத்தேழு. அவரு வீட்டுல முன்னால யாருக்கும் கிடையாது."

"அப்ப அது இல்ல. அந்தம்மா படிச்சது வேற. அந்த ஏ.பி.ஓ.இ. எல்லாருக்கும் உண்டு. உங்களுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு. அதுல ரெண்டு, மூணு, நாலுன்னு மூணு வகை. நாலாம் வகை இருந்தா மறதி நோய் வர்றதுக்கு வாய்ப்புக் கூடும். ரெண்டு பக்கமும் நாலா இருந்தா இன்னும் கூடும். ஆனா வாய்ப்புதான். நாலு இருந்தும் தொண்ணூறு வயசு வரை கணக்கா இருக்கவங்க உண்டு. நாலே இல்லாம நோய் வந்தவங்களும் எங்கிட்ட வாராங்க. நம்ம ஆட்கள்ல ஆறேழு பேர்ல ஒருத்தர்கிட்ட அது இருக்கும் போல. இந்தக் கணக்கு எல்லாமே முக்கால்வாசி வெளிநாட்டுக்காரங்கள வச்சுப் போட்டது. நம்ம ஊருக்கு இன்னும் சரியாப் போட்டு முடியல."

"அப்ப இருபத்தொம்பது வயசுப் பிள்ளைக்கு இந்த டெஸ்ட் எடுத்தா?"

"நாப்பது வருசம் கழிச்சு என்ன ஆகும்னு அது சொல்லாது. வீட்டுல எல்லாருக்கும் தூக்கம் போகும், அவ்வளவுதான்."

கோமு யோசித்தாள். முப்பது வருடப் பழக்கம் அவளுக்கு ஒரு வழி காட்டியது. "அப்ப இது பத்துப் பொருத்தத்துல ஒரு பொருத்தம் மாதிரி. அது ஒண்ணு சரியில்லைன்னா சோலி முடிஞ்சு போச்சுன்னு கிடையாது."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "இதை நான் எடுத்துக்கிடுதேன். இனிமே எல்லாருக்கும் இப்படித்தான் சொல்லப் போறேன். மத்த பொருத்தத்துல கொஞ்சம் நம்ம கையிலேயும் இருக்குன்னு சேத்துச் சொல்லுங்க. சுகர், பிரஷர், காது கேக்கது, பீடி சிகரெட்டு, நடக்கது, நாலு பேர்கிட்டப் பேசுதது, எல்லாம் அதுல சேத்திதான்."

கோமு எழுந்திருக்கவில்லை. முந்தானையை இழுத்து மடியில் வைத்து மடித்தாள். "எங்கம்மைக்கு இருந்துச்சு டாக்டரம்மா" என்றாள். குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது. பெயர் மறந்தால் ரயில் நிலையம் சொல்லிப் பார்க்கிற கதையையும் சொன்னாள்.

"எங்க, சொல்லுங்க."

"டவுன், பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கீழ ஆம்பூர், ஆழ்வார்குறிச்சி..." மூச்சு விடாமல் தென்காசியில் போய் நின்றாள்.

"இதுல பாதி எனக்கே தெரியாது" என்ற டாக்டர், இன்னும் நாலைந்து கேள்வி கேட்டார், கடிகாரம் வரையச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். மறுபடியும் ஒரு தடவை பார்த்தார். "உங்க மரபணு இருக்கட்டும். பிரஷர் நூத்து அறுபத்தெட்டு இருக்கு. எத்தனை வருசமா இப்படி ஓடுதோ! எதுக்குப் பயப்படணுமோ அதை விட்டுட்டு ரயில்வே ஸ்டேஷனச் சொல்லிக்கிட்டு இருக்கீங்களே."

அடுத்தவர் கல்யாணத்துக்காகப் போனவள், தன் பெயர் எழுதிய மாத்திரைச் சீட்டோடு வெளியே வந்தாள்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது மனது லேசாக இருந்தது. இந்தச் சூட்டிலேயே அந்த முள்ளையும் எடுத்துப் போட்டுவிட வேண்டும் என்று தோன்றி, தென்காசிச் சம்பந்தியம்மாளுக்குப் போன் போட்டாள். தயங்கித் தயங்கி, தன் அம்மைக்கு இருந்தது காது நோய் இல்லை, மறதி நோய் என்றாள்.

"அதை இப்பவா சொல்லுதிய?" என்று சம்பந்தியம்மாள் சிரித்தாள். "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு உங்க அடுக்களையில நான் ஒரு டம்ளரக் கீழ போட்டேன். பின்கட்டுல இருந்து, 'எவட்டி அவ, பாத்திரத்தப் போட்டு உடைக்கா'ன்னு ஒரு சத்தம் வந்துச்சு. காது கேக்காதவுக போடுத சத்தமா அது?"

"பின்ன ஏன் மைனி ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்க அப்படி வெறைச்சுப் போயி நின்னிய. பிள்ளை தங்கமான பிள்ளை. என்னத்துக்குக் கிளறணும்னு விட்டுட்டேன்."

பேருந்து வந்து போய்விட்டது. கோமு அதில் ஏறவில்லை. சிரிப்பும் கண்ணீருமாக நிறுத்தத்தில் நின்றவளைப் பார்த்து, பூ விற்கிறவள், "என்னக்கா, நல்ல சேதியா?" என்று கேட்டாள். "பதினோரு வருசம் பழைய சேதி" என்று சொல்லி இரண்டு முழம் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் அம்பாசமுத்திரம் போனாள். சங்கரி, அவள் கணவர் மந்திரமூர்த்தி, சிவகணேஷ், மூன்று பேரும் வீட்டில் இருந்தார்கள். மந்திரமூர்த்தி நெல், உரம் வியாபாரம் செய்கிறவர். எதையும் பைய எடுத்துக்கொள்கிற ஆள்.

"முதல்ல எம் பக்கத்துத் தப்பைச் சொல்லிருதேன்" என்று கோமு ஆரம்பித்தாள். "பொண்ணோட அப்பாவுக்கு மறதி இருக்கது எனக்குத் தெரியும். கேட்டாச் சொல்லலாம்னு இருந்துட்டேன். அது பொய் சொன்ன மாதிரிதான். எங்கம்மைக்கும் இதே நோய்தான். எம்பிள்ளை கல்யாணத்துல நானும் மறைச்சேன்."

பிறகு டாக்டர் சொன்னதைத் தன் வார்த்தையில் சொன்னாள். மந்திரமூர்த்தி இடையிடையே தலையாட்டினார். கடைசியாக விஜயஸ்ரீயின் பேச்சையும் அப்படியே வைத்தாள். "எடுத்தா ரெண்டு பேரும் எடுக்கணுமாம்."

சங்கரியின் முகம் வெளுத்துவிட்டது.

ஏன் என்று கோமுவுக்குத் தெரியும். கல்லிடைக்குறிச்சியில் சங்கரியின் அத்தை ஒருத்தி இருந்தாள். கடைசிக் காலத்தில் தினமும் காலையில் ஒரு பையில் புடவையை அடுக்கிக்கொண்டு, "வண்டிக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிடுவாள். ஊரில் அவளைக் கோட்டி பிடித்தவள், பைத்தியம் என்றார்கள். கோமு நினைத்திருந்தால் இந்த ஒரு வார்த்தையில் சங்கரியை மடக்கியிருக்கலாம். அவள் தட்டில் இருந்த ஆமவடையை எடுத்துக் கடித்தாள். வாயைத் திறக்காமல் இருக்க அது வசதியாக இருந்தது.

சங்கரி தானாகவே பேசினாள்.

"எங்க அத்தைக்கு இருந்துச்சு கோமு அக்கா. என்னை வளத்தவ. அவ கைய விட்டுட்டு ஒருநாள் பரீட்சை எழுதப் போயிட்டேன். வந்து பாத்தா ஆளைக் காணோம். ஆத்துப் பாலத்துல நின்னுக்கிட்டிருந்தா." தட்டை நகர்த்தி வைத்தாள். "எனக்கு அம்பத்தேழு ஆகுது. ஆபீஸ்ல ஒரு பைலைத் தேடினாக்கூட எனக்கும் வந்துருச்சோன்னு தோணுது. எங்கிட்ட இருந்து ஒண்ணு, அந்தப் பிள்ளைகிட்ட இருந்து ஒண்ணு, ரெண்டும் போயி நாளைக்கு ஒரு பேரப்பிள்ளைகிட்டச் சேந்துட்டா? அதான் கேட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

இவ்வளவு நாள் அதிகாரியாகவே தெரிந்தவள், அந்த நிமிடம் ஆஸ்பத்திரி பெஞ்சில் தன் பக்கத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி மாதிரி கோமுவுக்குத் தெரிந்தாள். கையை நீட்டிச் சங்கரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மந்திரமூர்த்தி தொண்டையைச் செருமினார். "ஏ சங்கரி, நம்ம கல்யாணத்துல உங்கப்பாவுக்கு நெஞ்சுவலி, எங்கப்பாவுக்குச் சக்கரை. யாராவது வாயத் திறந்தாவளா? இப்ப ரெண்டும் எனக்கே வந்திருக்கு. எங்கப்பா கொடுத்ததாவது நியாயம். உங்கப்பாவோடது எனக்கு எப்படி வந்துச்சுன்னு அந்த டாக்டரம்மாகிட்டக் கேட்டுட்டு வாங்க மைனி."

சங்கரி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். "நீங்க தின்ன அல்வா கொடுத்தது அது" என்றாள்.

"எம்மா, அவங்கப்பா மூணு தடவை கேட்டாங்கள்லா? நான் மூணாவது தடவை கொஞ்சம் நல்லாவே பதில் சொன்னேன்" என்றான் சிவகணேஷ். "எங்களுக்கு எது தெரியணுமோ அதை நாங்க ரெண்டு பேரும் சேந்து பின்னால முடிவு பண்ணிக்கிடுதோம். கல்யாணத்துக்கு முன்னால வேண்டாம்."

சங்கரி மகனையே பார்த்தாள். பிறகு விஜயஸ்ரீயின் எண்ணை அவனையே போடச் சொல்லி, போனை வாங்கிக்கொண்டாள்.

"விஜயஸ்ரீயா? நான் சங்கரி பேசுதேன்மா. உங்கப்பாவுக்கு என்ன பிடிக்கும்? நிச்சயதார்த்தத்துக்குச் சமையல் சொல்லணும், அதான் கேக்கேன்."

அதற்குப் பிறகு கோமு தன் தொழிலில் ஒரு வழக்கத்தை மாற்றினாள். சுகர், பிரஷர், மறதி எதுவானாலும் முதல் பேச்சிலேயே வெளியில் வைத்துவிட வேண்டும் என்று இரண்டு பக்கமும் சொன்னாள். ஒன்றிரண்டு வரன் அதனால் தட்டிப் போனது. ஆனால் ஒரு வீட்டில் சொன்னால் அடுத்த வீட்டிலும் வாய் திறப்பதை அவள் கண்ணால் பார்த்தாள். டாக்டர் சொன்னபடி தினமும் காலையில் நடராஜோடு நடக்கவும் ஆரம்பித்தாள். சங்கரியை அவளே ஒருநாள் டாக்டர் அஸீலாவிடம் கூட்டிப் போனாள். சங்கரிக்கு ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை. காதுதான் ஒரு பக்கம் மந்தமாக இருந்தது. அதற்கு ஒரு கருவி மாட்டிக்கொண்டதும், வீட்டில் மந்திரமூர்த்தி முணுமுணுப்பது எல்லாம் கேட்க ஆரம்பித்து, அவர்தான் சிரமத்துக்கு ஆளானார்.

வைகாசியில் அம்பாசமுத்திரத்தில் கல்யாணம். ஆவுடைநாயகம் பட்டு வேட்டியில் கம்பீரமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தாலி கட்டி முடிந்த கொஞ்ச நேரத்தில், பக்கத்தில் வந்து உட்கார்ந்த சங்கரியைப் பார்த்து, "இங்க யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார்.

பின்னால் நின்ற கோமு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"உங்க மகளுக்குத்தான் அண்ணாச்சி. எம்மவன்தான் மாப்பிள்ளை" என்றாள் சங்கரி.

ஆவுடைநாயகத்தின் முகம் அப்படியே மலர்ந்தது. "நம்ம விஜிக்கா! மாப்பிள்ளை எங்க வேலை?" சங்கரி சொன்னாள். அவர் எழுந்து நின்று, மந்திரமூர்த்தியின் கையைப் பிடித்துக் குலுக்கி, "ரொம்பச் சந்தோசம், ரொம்பச் சந்தோசம்" என்றார்.

பந்திக்கு முன்னால் மறுபடியும் கேட்டார். பந்திக்குப் பின்னால் கேட்டார். ஒவ்வொரு தடவையும் சேதி அவருக்குப் புத்தம் புதிதாக இருந்தது, ஒவ்வொரு தடவையும் அதே சந்தோசம் வந்தது. நாலைந்து தடவைக்கு மேல் சங்கரிக்கே அதில் ஒரு ருசி வந்துவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள், "அண்ணாச்சி, சேதி தெரியுமா? நம்ம விஜிக்குக் கல்யாணம்!" என்று தானே போய்ச் சொல்லிவிட்டு, அவர் முகத்தை வேடிக்கை பார்த்தாள்.

மறுநாள் மறுவீட்டுத் தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாட்டுக்கு இலை போட்டு வைத்துக்கொண்டு எல்லோரும் காத்திருந்தார்கள். சம்பந்திகள் இரண்டு பேரையும் காணவில்லை. தேடிப் போன சிவகணேஷ், நதியுண்ணிக் கால்வாய்க் கரையில் அவர்களைப் பிடித்தான். எந்த மடையிலிருந்து எத்தனை வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது, எந்த வருட வெள்ளத்தில் எந்தக் கரை உடைந்தது என்று, ஓவர்சியராக இந்தக் கரையெல்லாம் நடந்த ஆவுடைநாயகம் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அம்பாசமுத்திரத்திலேயே பிறந்து வளர்ந்த மந்திரமூர்த்தி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, சொதி ஆறிப்போகுது" என்றான் சிவகணேஷ்.

"இரு மாப்பிள்ளை, இந்த மடையை மட்டும் காட்டிட்டு வந்துருதேன்" என்று ஆவுடைநாயகம் அவன் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.